சிகரட் முதலில் தின்றது காலைச் சாப்பாட்டை

புகைத்தல் என்று பேச்செடுத்தால் எல்லோரும் நெஞ்சைத்தான் தொட்டுக் காட்டுவார்கள். நுரையீரல், மாரடைப்பு, தொண்டைப் புற்றுநோய். இலங்கையில் 2015இலிருந்து சிகரட் பெட்டியின் 80 வீதத்தை மூடிக்கொண்டு வருகிற படங்களும் அதைத்தான் காட்டுகின்றன, காட்டத்தான் வேண்டும். ஆனால் புகைக்கிற ஒரு ஆளுக்கு வருடக்கணக்காகச் சமைத்துப் போடுகிறவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் இருமலைப் பற்றிப் பேசுவதற்கு முதல் சாப்பாட்டுக் கோப்பையைப் பற்றித்தான் பேசுவார். காலையில் வைத்த புட்டு வைத்தபடி கிடக்கும், உப்புக் காணாது என்ற சண்டை வரும், மரக்கறி தொடமாட்டார், நடுச்சாமத்தில் வந்து சட்டியைத் திறப்பார்.

இதையெல்லாம் எங்கள் வீட்டில் ஆளின் குணம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பகுதி சிகரட்டின் வேலை. சிகரட்டை விடுவது பாதிக்கு மேல் சாப்பாட்டுப் பிரச்சினை என்பதும், சாப்பாட்டை ஒழுங்குபடுத்தாமல் விடச் சொல்வது ஆளைத் தனியே தள்ளிவிடுவது மாதிரி என்பதும் என் உறுதியான எண்ணம். அண்ணை விட்ட விதத்தைக் கிட்ட இருந்து பார்த்துத்தான் சொல்கிறேன். அவரிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன், பெயரைப் போடவேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

அண்ணை மேசன். ஏழு மணிக்கு முன்னமே மோட்டார் சைக்கிளை எடுத்துவிடுவார். எழும்பினதும் வெறுவயிற்றில் ஒரு பிளேன்ரீ, படலையடியில் நின்று ஒரு சிகரட், பிறகு சந்திக் கடையில் இன்னொரு பிளேன்ரீ, இன்னொரு சிகரட். மச்சாள் விடிய எழும்பி மாவைக் குழைத்து, புட்டை அவித்து, சம்பல் இடித்து வைத்திருப்பார். "இப்ப பசிக்கேல்லை, பிறகு சாப்பிடுறன், மூடி வையும்." அந்தப் 'பிறகு' வருவதில்லை. பத்து மணித் தேத்தண்ணிக்கு வேலையிடத்தில் வடை வந்தால் பாதி கடிப்பார். இரண்டு மணிக்குப் பிறகு ஒரேயடியாகப் பசி வரும்போது அவர் சாப்பிடுகிற சோறு இரண்டு பேருக்குக் காணும், அதுவும் குழம்பும் பொரியலும் இருந்தால் போதும், கீரையும் வறையும் கோப்பையின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும். இரவில் கொத்துரொட்டி, இல்லாவிட்டால் பாணும் மிச்சக் கறியும். அயலில் என்ன சொல்லுவார்கள் தெரியுமா? "ஆள் சாப்பாடு குறைவு, அதுதான் மெலிவா இருக்கிறார்." கூட்டிப் பார்த்தால் சாப்பாடு குறைவே இல்லை, எல்லாம் பொழுது சாய்ந்த பிறகு போய்ச் சேருகிறது என்பதுதான் உண்மை.

ஏன் இப்படி நடக்கிறது என்று தேடி வாசித்தேன். நிக்கொட்டின் உள்ளிழுத்த சில செக்கன்களில் மூளைக்குப் போய்விடும். மூளையின் அடியில் ஹைப்போதலமஸ் என்று ஒரு சின்னப் பகுதி, பசியையும் நிறைவையும் கணக்குப் பார்க்கிற இடம் அது. அங்கே "வயிறு நிறைஞ்சிட்டுது" என்று சொல்கிற நரம்புக் கலங்களை நிக்கொட்டின் தட்டி எழுப்புகிறது என்று 2011இல் எலிகளில் செய்த ஆய்வு ஒன்று தெளிவாகக் காட்டியது. அதோடு அட்ரினலின் சுரக்கும், ஈரலில் சேர்த்து வைத்த சீனி கொஞ்சம் இரத்தத்துக்கு வரும். ஆகவே அண்ணை "பசிக்கேல்லை" என்று சொன்னது பொய் இல்லை, அவருக்கு உண்மையாகவே பசி தெரியவில்லை. ஆனால் இரத்தத்தில் இருக்கிற நிக்கொட்டின் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் பாதியாகிவிடும். அப்போது வருகிற அந்தரத்தை உடம்பு பசி என்றும் எடுக்கும், சிகரட் வேண்டும் என்றும் எடுக்கும். சிகரட் கைக்குப் பக்கத்தில் இருந்தால் அதுதான் வெல்லும்.

மெலிவு விஷயத்திலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 1986இல் சுவிற்சர்லாந்தில் செய்த ஒரு அளவீட்டில், 24 சிகரட் புகைத்த நாளில் உடம்பு செலவழித்த சக்தி ஏறக்குறைய 10 வீதம், கிட்டத்தட்ட 200 கலோரி, கூடியிருந்தது. ஆனால் இந்த மெலிவு ஆரோக்கியமான மெலிவு இல்லை. புகைப்பவர்களுக்கு நிறை குறைவாக இருந்தாலும் கொழுப்பு வயிற்றுக்குள் சேருகிற தன்மை கூட. கையும் காலும் ஈர்க்குக் குச்சி, வண்டி மட்டும் முன்னுக்கு என்று எங்கட ஊரில் எத்தனை பேர்! சலரோகம் வருகிற அபாயமும் புகைக்காதவர்களைவிட 30 முதல் 40 வீதம் கூட என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் 2014இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. வீட்டுக்கு வீடு சீனி வருத்தக்காரர் இருக்கிற யாழ்ப்பாணத்தில் இது சின்னச் செய்தி இல்லை.

புகையிலைக்கும் பசிக்கும் உள்ள தொடர்பு எங்கட தோட்டக்காரருக்கு ஆய்வு இல்லாமலே தெரிந்திருந்தது. ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. பிறகு கொக்குவில், கோண்டாவில், இணுவில் பக்கம் சுருட்டுத் தொழில் வளர்ந்து, தென்னிலங்கைப் பட்டினங்களில் சுருட்டுக் கடை என்றாலே யாழ்ப்பாணத்தான் கடை என்று ஆனது. எங்கள் அப்புவும் வலிகாமத்துச் செம்மண்ணில் புகையிலை நட்டவர்தான். புகையிலை வெட்டுகிற நாளில் அவர் மத்தியானம் சோறு கேட்கமாட்டாராம். பனியில் நனைந்த இலையை விடிய விடிய வெட்டி அடுக்கினால் கையெல்லாம் கறுத்த பிசின் பிடித்துவிடும், சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாலும் குழைத்த சோறு கைக்கும். தலைச்சுற்றும் ஓங்காளமும் வேறு. ஈர இலையிலிருந்து நிக்கொட்டின் தோல் வழியாக உடம்புக்குள் போவதால் வருகிற நோய் அது, உலகத்தில் புகையிலை நடுகிற எல்லா இடத்திலும் அறுவடைக்காரருக்கு வருகிறது. ஆச்சி அந்த நாட்களில் உலையில் அரிசியைக் குறைத்துத்தான் போடுவாவாம். ஒரு சிகரட்டும் பற்றவைக்காமல், இலையைத் தொட்டதிலேயே ஒரு நேரச் சோறு போய்விட்டது பாருங்கள்.

பசியை அடக்குகிற இந்தக் குணத்தைக் கொம்பனிகள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டன. 1920களின் கடைசியில் அமெரிக்காவில் லக்கி ஸ்ட்ரைக் சிகரட்டுக்காரர் "இனிப்புக்குப் பதிலாக ஒரு லக்கியை எடுங்கள்" என்று விளம்பரம் செய்தார்கள். குறி வைத்தது பெண்களை, உடம்பு வைத்துவிடும் என்ற பயத்தைப் பிடித்து விற்றார்கள். இனிப்புத் தயாரிப்பாளர்கள் சண்டைக்கு வந்தார்கள், ஆனாலும் விற்பனை ஏறியது. எனக்கு இதை வாசித்தபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. சாப்பிடாமல் இருக்க ஒரு வழி என்று சொல்லி நஞ்சை விற்றிருக்கிறார்கள், அந்தப் பயம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. "விட்டால் கொழுத்துப் போயிடுவன்" என்று இங்கே ஆண்களே சொல்கிறார்கள்.

சரி, சுவைக்கு வருவோம். புகை நாக்கையும் மூக்கையும் இரண்டையும் மழுங்கடிக்கிறது, முக்கியமாக மூக்கை. பெருஞ்சீரகம், உள்ளி, கறிவேப்பிலை தாளிக்கிற வாசம் போகாத மூக்குக்குக் கறியில் மிஞ்சுவது உப்பும் உறைப்பும்தான். ஆகவே உப்புக் கூடும், தூள் கூடும், புளி கூடும். கொடுமை என்னவென்றால் அந்த ஒரு ஆளின் நாக்குக்குச் சமைத்துச் சமைத்து முழு வீடும் அந்த உப்பில்தான் சாப்பிடுகிறது. எங்கள் வீட்டில் அம்மாவுக்குப் பிரஷர், ஆனால் குழம்பு அண்ணையின் அளவில். இதை எந்தப் பெட்டியிலும் படமாகப் போடமுடியாது.

மரக்கறியும் பழமும் தொடாமல் விடுவது அண்ணையின் தனிப் பிடிவாதம் என்றும் நினைக்கவேண்டாம். 15 நாடுகளில் செய்த 51 கணக்கெடுப்புகளைச் சேர்த்து 1998இல் வந்த தொகுப்பு ஒன்று, புகைப்பவர்கள் கொழுப்பும் கலோரியும் கூடவும், நார்ச்சத்தும் விற்றமின் சியும் குறையவும் சாப்பிடுகிறார்கள் என்று காட்டியது. 2007இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் புகைப்பவர்களிடமே கேட்டார்கள், எதைச் சாப்பிட்டால் சிகரட் நன்றாக இருக்கிறது, எதைச் சாப்பிட்டால் கெட்டுப் போகிறது என்று. இறைச்சி, கோப்பி, மதுபானம் இவை சிகரட்டின் சுவையைக் கூட்டுகிறதாம். பழம், மரக்கறி, பால், தண்ணீர் எல்லாம் கெடுக்கிறதாம். இதை அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஓம் பிள்ளை, மோர் குடிச்சாப் பிறகு பத்தினா வாய் மண் மாதிரி இருக்கும்" என்றார். அப்படியானால் மரக்கறியை ஒதுக்கினது அவர் மட்டும் இல்லை, அடுத்த சிகரட்டும் சேர்ந்துதான் ஒதுக்கியிருக்கிறது.

உள்ளுக்குப் போவது குறைய, தேவை மட்டும் கூட. புகை உடம்பில் உள்ள விற்றமின் சியை வேகமாகத் தீர்த்துவிடும். புகைப்பவர்கள் மற்றவர்களைவிட நாளுக்கு 35 மில்லிகிராம் கூடுதலாக எடுக்கவேண்டும் என்பது அமெரிக்கப் பரிந்துரை. 100 கிராம் கொய்யாப்பழத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. தோடம்பழத்துக்குக் காசு கொட்டத் தேவையில்லை, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கொய்யாப்பழம் குவித்து வைத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். பழத்துக்குப் பதிலாக விற்றமின் குளிசை வாங்கிப் போட்டால் சரி என்று யாரும் நினைக்கவேண்டாம். பின்லாந்தில் 29,000க்கு மேற்பட்ட புகைக்கிற ஆண்களை எடுத்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு பீட்டா கரோட்டின் குளிசை கொடுத்துப் பார்த்தார்கள், நுரையீரல் புற்றுநோயைக் குறைக்கும் என்ற நம்பிக்கையில். 1994இல் முடிவு வந்தபோது, எடுக்காதவர்களைவிடக் குளிசை எடுத்தவர்களிடம் அந்தப் புற்றுநோய் 18 வீதம் கூடியிருந்தது. கரட்டும் பப்பாப்பழமும் சாப்பிடுங்கள், அதில் பயமில்லை. குளிசையாக வேண்டாம்.

இனி எல்லாவற்றிலும் கடினமானது. சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற அந்த ஒன்று.

"சோறு செமிக்கோணுமெண்டா ஒண்டு பத்தோணும்." இதை எங்கள் பெரியப்பாவும் சொன்னார், அவருடைய தகப்பனும் சொல்லியிருப்பார். எங்கட ஊரில் அந்தப் பழக்கத்துக்கு ஒரு மரியாதையே இருந்தது. கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் தட்டத்தில் வெற்றிலை பாக்கோடு சுருட்டும் சிகரட்டும் வைத்து நீட்டிய காலம் அவ்வளவு பழையது இல்லை. சாப்பிட்ட மனிதருக்குக் கொடுக்கிற உபசாரம் அது. உண்மையில் புகை செமிபாட்டுக்கு உதவுவதில்லை. உணவுக்குழாயின் அடியில் இருக்கிற தசை வளையத்தை நிக்கொட்டின் தளர்த்திவிடும், அமிலம் மேலே ஏறும், நெஞ்செரியும். வயிற்றுப் புண் இருந்தால் ஆறுவது சுணங்கும். அண்ணை வருடக்கணக்காகக் காஸ்ரைற்றிஸ் என்று குளிசை போட்டார். வெறுவயிற்றில் தேத்தண்ணியும் சிகரட்டும், மத்தியானம் மலைபோலச் சோறும் உறைப்பும், அதற்கு மேல் இன்னொரு சிகரட், இரவு பத்து மணிக்குக் கொத்து. எந்த வயிறு தாங்கும்?

ஆனால் நெஞ்செரிவைக் காட்டி அந்த ஒன்றை விடச் செய்யமுடியாது. ஆசை நெஞ்சில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. கை கழுவுகிற தண்ணீரின் சத்தம் கேட்டதும் மற்றக் கை சட்டைப் பையைத் தேடும். சாப்பாடு முடிந்தது என்பதற்கு அவருடைய மூளை போட்டிருந்த அடையாளம் சிகரட். ஆகவே சாப்பாடு வேறு விதமாக முடியவேண்டும், இதைத்தான் மச்சாள் பிடித்துக்கொண்டார். அவர் யாரிடமும் கேட்கவில்லை, ஒரு புத்தகமும் வாசிக்கவில்லை. அண்ணை விட்ட முதல் கிழமையிலிருந்து சோத்துப் பார்சலோடு ஒரு சின்னப் பையும் போனது. அதில் கொய்யாக்காய் நறுக்கி உப்பும் தூளும் தடவினது, அல்லது புழுக்கொடியல் துண்டுகள்.

புழுக்கொடியல் தெரியாதவர்களுக்கு: பனங்கிழங்கை அவித்து, கிழித்து, வெயிலில் காயவைத்தது. விறகு மாதிரிக் கடினம். முறித்து வாயில் போட்டால் உடனே கடிக்கமுடியாது, கடைவாயில் ஒதுக்கி எச்சிலில் ஊறவிட வேண்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மா கரைந்து ஒரு மெல்லிய கைப்போடு இனிப்பு வரும், தும்பு மிஞ்சும், அதைச் சப்பித் துப்பவேண்டும். ஒரு துண்டுக்கு ஒரு சிகரட் எரிகிற நேரத்தைவிடக் கூட எடுக்கும். சிகரட் ஆசை ஒரு அலையாக எழும்பி சில நிமிடங்களில் தணிந்துவிடும் என்கிறார்கள், அந்த நிமிடங்களுக்கு வாயும் கையும் எங்கேயாவது இருக்கவேண்டும். ரொபியோ பிஸ்கட்டோ கொடுத்திருந்தால் சீனி ஏறியிருக்கும். கடை கடையாய் விற்கிற எந்த மெல்லுகோந்தையும்விட எங்கட பனை கொடுத்தது நல்லது என்று நான் சொல்லுவேன், சொந்தமண் பற்றில் சொல்லவில்லை, பார்த்துச் சொல்கிறேன்.

அப்புறம் தேத்தண்ணி. இது எங்களுக்குத் தெரியாமல் வந்து தாக்கிய விஷயம். விட்ட இரண்டாம் கிழமை அண்ணைக்கு நித்திரையே இல்லை, கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, வாயைத் திறந்தால் எரிந்து விழுகிறார். "இதைவிட அவர் பத்தியிருக்கலாம்" என்று அம்மாவே சொல்லிவிட்டா. கிளினிக்கில் ஒரு டொக்டர் பொறுமையாகக் கேட்ட கேள்வி, "நாளைக்கு எத்தனை தேத்தண்ணி குடிக்கிறனீங்கள்?" விஷயம் இதுதான்: சிகரட் புகையில் உள்ள சில இரசாயனங்கள் கஃபீனை உடைக்கிற ஈரல் நொதியத்தைத் தூண்டிவிடும், ஆகவே புகைக்கிறவரின் உடம்பு கஃபீனை ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் வெளியேற்றும். சிகரட்டை நிறுத்தியதும் நொதியமும் சில நாட்களில் பழைய நிலைக்கு இறங்கிவிடும். தேத்தண்ணி அதே அளவு, இரத்தத்தில் கஃபீன் மட்டும் கூட. அந்த நடுக்கத்தில் ஒரு பகுதியாவது தேயிலையால் வந்தது, எல்லோரும் பழியைப் போட்டது விட்டதன் மேல். பாதியாகக் குறைத்தார், கிழமை முடிவதற்குள் நித்திரை வந்தது. விடப்போகிற ஒவ்வொருவருக்கும் இதை முதல் நாளே சொல்லவேண்டும். இது தெரியாமல் எத்தனை பேர் "என்ரை உடம்புக்கு விடுறது ஒத்துக்கொள்ளேல்லை" என்று திரும்பிப் போயிருப்பார்கள்.

நிறை கூடியது, மறைக்கவில்லை. முதல் மூன்று மாதத்தில் காற்சட்டை இறுகியது. இதுவும் எதிர்பார்க்கக்கூடியதுதான். 2012இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வந்த தொகுப்பின்படி, விட்டவர்களுக்கு ஒரு வருடத்தில் சராசரியாக 4 முதல் 5 கிலோ கூடுகிறது, அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில். ஆனால் அதே தொகுப்பில் 16 வீதமானோருக்கு நிறை குறைந்தும் இருக்கிறது, 13 வீதத்தினருக்கு 10 கிலோவுக்கு மேல் கூடியும் இருக்கிறது. சலரோகம் வரக்கூடிய குடும்பமென்றால் இந்த நிறையைக் கவனிக்கத்தான் வேண்டும், ஏனென்றால் விட்டபின் நிறை ஏறினவர்களுக்குச் சில வருடங்களுக்கு அந்த அபாயம் கொஞ்சம் கூடிப் பிறகு இறங்குகிறது என்று 2018இல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: நிறை கூடினாலும் கூடாவிட்டாலும், விட்டவர்களின் இருதய, இரத்தக்குழாய் நோய் மரணமும் மொத்த மரணமும் தொடர்ந்து புகைத்தவர்களைவிடக் குறைவு. "கொழுத்துப் போயிடுவன்" என்பவர்களுக்கு நான் கொடுக்கிற பதில் இந்தக் கடைசி வரிதான்.

அண்ணைக்கு நிறையைப் பிடித்து நிறுத்தியது காலைச் சாப்பாடு. பசி திரும்பி வந்துவிட்டது, விடியவே வந்தது. புட்டோ இடியப்பமோ சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு மணிச் சோற்றில் அந்த வெறி இல்லை, இரவுக் கொத்தும் தானாகக் குறைந்தது. ஒரு நாள் கத்தரிக்காய்க் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "இண்டைக்கு என்ன உப்புக் கூட?" என்று கேட்டார். மச்சாள் என்னைப் பார்த்தார். உப்பு அதே அளவுதான், ஏறினது நாக்கு. அன்றிலிருந்து உப்பைக் குறைத்தோம், அம்மாவின் கால் வீக்கத்துக்கும் அது நல்லதாகப் போயிற்று.

பழத்தைப் பற்றி இன்னொன்று. நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகத்தார் புகைப்பவர்கள் ஆயிரம் பேரை எடுத்து, 14 மாதம் கழித்துத் திரும்ப விசாரித்தார்கள். பழமும் மரக்கறியும் அதிகம் சாப்பிட்டவர்கள், குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட மூன்று மடங்கு கூடுதலாக, குறைந்தது 30 நாளாவது புகையிலை இல்லாமல் இருந்தார்கள். மரக்கறிதான் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை, தங்கள் உடம்பைக் கவனிக்கிறவர்களே மரக்கறியும் சாப்பிட்டிருக்கலாம். ஆனாலும் மருதனார்மடச் சந்தையில் ஒரு பிடி கீரை வாங்குவதால் யாருக்கும் கேடு வரப்போவதில்லை. காசுக் கணக்கும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது, இன்றைக்கு ஒரு சிகரட் நூறு ரூபாவைத் தாண்டிவிட்டது, அந்தக் காசுக்கு முட்டை இரண்டு வாங்கலாம். ஒரு மேசனின் நாட்கூலியில் புகையாகப் போனது பிள்ளைகளின் கோப்பையிலிருந்து போனதுதான்.

விட நினைக்கிறவர்கள், அல்லது வீட்டில் ஒருவரை விடச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள், ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். கஃபீனை உடைக்கிற அதே நொதியம் சில மருந்துகளையும் உடைக்கிறது, மூச்சிழுப்புக்குக் கொடுக்கிற தியோபிலின், மனநோய்க்குக் கொடுக்கிற குளோசபின், ஒலன்சபின் போன்றவை. சிகரட்டை நிறுத்தினால் அவற்றின் அளவு இரத்தத்தில் ஏறலாம், ஆகவே இவற்றை எடுக்கிறவர்கள் விடுவதற்கு முதலே டொக்டரிடம் சொல்லவேண்டும். இன்சுலினோ சீனிக் குளிசையோ எடுப்பவர்கள் அந்த நாட்களில் சீனியை அடிக்கடி பார்ப்பது நல்லது. உதவிக்குப் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையின் 1948 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. எடுத்துப் பேசும்போது நாளைக்கு எத்தனை சிகரட் என்பதோடு, காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள், எத்தனை தேத்தண்ணி குடிக்கிறீர்கள், என்ன குளிசை போடுகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.